முகத்தில் விழும் வெளிச்சம்

மலேசியாவின் பகாங் மாநிலத்தில், தெம்பெலிங் ஆற்றை ஒட்டிய தாமான் நெகாரா மழைக்காட்டுக்குச் செவித்திறன் இழப்பு குறித்த விழிப்புணர்வுப் பயணமாகச் சென்ற மாணவர் குழுவில் நானும் ஒருவன். எங்களுள் ஒருவர் காதொலிக் கருவி அணிபவர். ஈரம் அக்கருவிக்குப் பகை. மழை தொடங்கினால் உடனே கழற்றி, ஈரம் உறிஞ்சும் மணிகள் இட்ட சிறு பெட்டியில் வைத்துவிடுவார். அவ்வேளைகளில் எங்கள் உதட்டசைவே அவருக்குப் பேச்சு.

ஓர் இரவு நடையின்போது தூறல் விழுந்தது. கருவி பெட்டிக்குள் சென்றது. இருளில் உதடுகளும் மறைந்தன. எவ்வளவு உரக்கப் பேசியும் பயனில்லை. அவர் என் கைவிளக்கை வாங்கி, அதன் ஒளியை என் முகத்தின்மீது பாய்ச்சினார். அதன்பின், பேச விரும்பிய ஒவ்வொருவரும் முதலில் தம் முகத்துக்கு ஒளி காட்டினர்.

உலகில் 43 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் செவித்திறன் இழப்புக்கான மறுவாழ்வுச் சேவை தேவைப்படுகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உட்செவியின் நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. எனவே பேரிரைச்சலிலிருந்து செவியைக் காப்பது இன்றியமையாதது.

இழந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடியதோ மிக எளிது. நம் வீடுகளிலும் பள்ளிவாசல் முற்றங்களிலும், பாதி மட்டுமே கேட்டு, முழுதும் கேட்டதுபோல் தலையசைக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்! குரலை உயர்த்தும் முன், அவர்கள் எதிரே, வெளிச்சத்தில் அமர்ந்து பேசுவோமாக.