விளக்கெண்ணெயும் நாமும்

பிள்ளைப் பிராயத்தில் மாதம் ஒரு முறை, விடியற்காலையில், நம் பாட்டியார் ஒரு கையில் விளக்கெண்ணெயும் மறு கையில் சர்க்கரையுமாக நம்மைக் கொல்லைப்புறம் வரையில் துரத்தியதுண்டு. வளர்ந்து பெரியவனானபின், அந்த எண்ணெயிடமிருந்து ஒருவாறு தப்பித்துக் கொண்டோம் என்று வெகு காலம் இறுமாந்திருந்தோம். அது வேறொரு மார்க்கமாக நம்மை வந்தடையும் என்று யார் கண்டார்கள்?

2019-ஆம் வருஷத்தில் நமது மூளையின் அடிப்புறத்திலுள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பியில் ஒரு கட்டி தோன்றிற்று. டாக்டர்கள் மூக்கின் வழியாகவே கருவியைச் செலுத்தி அதை அகற்றிவிட்டார்கள். கட்டி போயிற்று; கூடவே அந்தச் சுரப்பியின் உத்தியோகமும் பாதி போயிற்று. ஆண்மக்களின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும்படி உத்தரவு அனுப்புவது அதுவே. உத்தரவு நின்றால் சுரப்பும் நிற்கும். பிறகு தசை உருகும், இரத்தம் குறையும், எலும்பு மெலியும். ஆகவே வெளியிலிருந்துதான் ஈடு செய்ய வேண்டும்.

குடும்பங்களில் படிக்கும் பத்திரிகையில் இதை எழுதலாமா என்று நம் வீட்டிலேயே ஒரு கேள்வி எழுந்தது. நீரிழிவுக்காரர் இன்ஸுலினைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசுகிறார். நாம் மட்டும் ஏன் நாண வேண்டும்?

இந்தச் சரக்கை 1935-ல் ஆம்ஸ்டர்டாம் நகரில் லாக்கர் என்பவருடைய கோஷ்டியார் பிரித்தெடுத்தார்கள். அதே வருஷத்தில் புடெனாண்ட், ருஸிக்கா என்ற இருவரும் அதைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். 1939-ஆம் வருஷத்து ரஸாயன நோபல் பரிசு அவ்விருவருக்கும் கிடைத்தது. அதை அப்படியே விழுங்கினால், கல்லீரல் வழியிலேயே பறிமுதல் செய்துவிடுகிறது. எனவே ஒரு கொழுப்பமிலத்துடன் அதைப் பிணைத்து, எண்ணெயில் கரைத்து, தசைக்குள் செலுத்துகிறார்கள். எண்ணெய் அங்கே தங்கிச் சிறுகச் சிறுகக் கொடுக்கிறது. எண்ணெய்களோ பலவிதம். ஒரு மருந்தில் நல்லெண்ணெய், ஒன்றில் கடலையெண்ணெய், ஒன்றில் பருத்திவிதை எண்ணெய். (கடலை ஒவ்வாதவர்கள் டாக்டரிடம் அதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.) நமக்கு வாய்த்தது எது என்று சொல்லவும் வேண்டுமா? சாக்ஷாத் விளக்கெண்ணெயேதான்!

மூன்று வாரத்திற்கு ஒரு முறை, ஒரு மில்லி எண்ணெயில் 250 மில்லிகிராம். வீட்டுக்கு அருகில் ஒரு கிளினிக்கில் போட்டுக் கொண்டோம். கம்பவுண்டர் மிகவும் சுறுசுறுப்பானவர். கண் மூடித் திறப்பதற்குள் ஊசியை ஏற்றி, மருந்தை இறக்கி, அடுத்தவரைக் கூப்பிட்டு விடுவார். அதன் பிறகு மூன்று நாள் நமக்கு உட்காரும் சுகம் கிடையாது. ஒரு சமயம் நம் மருமாளின் கல்யாணம் அந்த மூன்று நாளுக்குள் வந்து விட்டது. பந்தியில் உட்காராமல் தூணோரம் நின்றே இருந்தோம். மரியாதையில் ஏதோ குறை என்று நாம் முறுக்கிக் கொண்டிருப்பதாக எண்ணிச் சம்பந்தி வீட்டார் மூன்று முறை வந்து சமாதானம் செய்தார்கள். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

அன்றைக்கே ஒரு தீர்மானம் செய்தோம். யாருக்கும் சொல்லாமல் ஊசியை நிறுத்தினோம். சனிக்கிழமை தோறும் "போட்டுக் கொண்டாயிற்று" என்று இல்லாளிடம் துணிந்து பொய் சொன்னோம். எட்டு மாதம் சென்றது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிற்று. எலும்பின் திண்மையைச் சோதித்த டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "மூன்று நாள் வலிக்குப் பயந்து முதுகெலும்பை அடகு வைத்திருக்கிறீர்களே!" என்றார். பக்கத்தில் இல்லாள் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் பேசவில்லை. அதைவிட ஊசி எவ்வளவோ மேல்.

அந்த ஆஸ்பத்திரியில் தலை நரைத்த நர்ஸம்மாள் ஒருவர் இருந்தார். நம்முடைய புராணத்தைக் கேட்டுவிட்டு, "மருந்தை வீட்டில் எங்கே வைக்கிறீர்கள், ஐயா?" என்று விசாரித்தார். பிரிட்ஜில், தோசை மாவுக்குப் பக்கத்தில் என்றோம். அம்மாள் சிரித்துவிட்டார். இந்த மருந்துக்குக் குளிர் வேண்டியதில்லையாம். குளிர்ந்த எண்ணெய் இறுகித் தசைக்குள் சுலபமாய் இறங்காதாம். இத்தனை நாள் கம்பவுண்டரை மட்டும் மனத்திற்குள் வைதோமே என்று வெட்கமாயிருந்தது.

மருந்துக் குப்பியை நம் உள்ளங்கையிலேயே கொடுத்துப் பத்து நிமிஷம் மூடி வைத்திருக்கச் சொன்னார். ஓர் ஊசியால் மருந்தை உறிஞ்சி, மழுங்காத புது ஊசியை மாட்டிக் கொண்டார். தடவிய ஸ்பிரிட் நன்றாய் உலரும் வரையில் காத்திருந்தார். ஈரத்தோடு குத்தினால் அதுவே எரியுமாம். நம்மைக் குப்புறப் படுக்க வைத்து, இரு கால் கட்டைவிரல்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பச் சொன்னார். அப்படிச் செய்தால் பிட்டத்துத் தசை தானே தளர்ந்து விடுகிறது. நடுப்பகுதியில் காலுக்குச் செல்லும் பெரிய நரம்பு இருப்பதால், மேற்புறத்து வெளி ஓரமாகவே இடம் பார்த்தார். பிறகு பத்து எண்ணும் அளவுக்கு மெள்ள மெள்ள மருந்தைச் செலுத்தினார். "அடுத்த முறை இடது பக்கம்; ஒரே பக்கம் கூடாது" என்று சொல்லி, உட்காரவிடாமல் தாழ்வாரத்தில் நாலு நடை நடக்கச் செய்தார். மாலையில் வெதுவெதுப்பான ஒத்தடம்.

வலி அடியோடு போயிற்று என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகும். எண்ணெய்க்கும் அதனுடன் சேர்க்கும் கரைப்பானுக்கும் தசை சற்று முனகத்தான் செய்கிறது. ஆனால் மறு நாள் மலையேறி வந்தவனுடைய வலிதான். அதற்கடுத்த நாள் அதுவும் இல்லை. இடம் சிவந்து பரவினாலும், காய்ச்சல் கண்டாலும், காலில் மின்னல் போல் வலி ஓடினாலும் ஒத்தடத்தை நம்பி வீட்டில் இருக்கக்கூடாது, உடனே வரவேண்டும் என்று அம்மாள் கண்டிப்பாய்ச் சொல்லியிருக்கிறார்.

இப்பொழுது குப்பி பிரிட்ஜில் இல்லை, அலமாரியில் இருக்கிறது. சாவி இல்லாளிடம். போன சனிக்கிழமை அவள் அதை எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் மூடிக் கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஆஸ்பத்திரி வாசல் வரும் வரையில் கையைத் திறக்கவேயில்லை.