கரைக்குள் ஓடும் தண்ணீர்

"இருவத்திமூணு இன்னும் பிடிக்கல. உப்புத்தண்ணி ஊத்து தம்பி."

குடத்தோடு பையன் ஓடினான். ஏரிக்கரையின் உச்சியில் கிராவல் கொட்டி ரோலர் ஓட்டியிருந்தார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முளைகளை அதில் சம்மட்டியால் அடித்து இறக்குவதற்குள் கை காய்த்துவிடும். இரண்டு மீட்டருக்கு ஒன்றாக 48 முளைகள். ஆய்வுக் குழுவினர் எல்லாவற்றையும் கேபிளில் கிளிப் மாட்டி இணைத்து, நடுவே கருவியையும் கார் பேட்டரியையும் வைத்திருந்தார்கள். அடித்தால் மட்டும் போதாது. தை வெயிலில் காய்ந்த கிராவலுக்குள் மின்சாரம் இறங்காது. இறங்காத முளையை வைத்து அளந்தாலும் கணினி வஞ்சனையில்லாமல் ஒரு வண்ணப்படம் போட்டுத் தரும். அந்தப் படம் பொய். அதனால் முளை முளையாகத் தடையைப் பார்த்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி பார்த்தார்கள். காலைப் பொழுது அதிலேயே போனது.

செங்கல்பட்டு மாவட்டத்து ஏரி அது. பெயர் சொல்லப்போவதில்லை. கசிகிறது என்று அச்சில் வந்தால் கரைக்குக் கீழே குடியிருப்பவர்கள் தூக்கம் போய்விடும்.

கரைக்குள் எங்கே கசிகிறது என்று தேடும் இந்த வேலையின் அடிப்படை பழையது. அமெரிக்கரான ஃபிராங்க் வென்னர் 1915இல் வெளியிட்ட முறை. நான்கு முளைகளில் வெளி இரண்டின் வழியே மின்னோட்டத்தை மண்ணுக்குள் அனுப்பி, உள் இரண்டுக்கும் இடையே மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். இடைவெளி கூடக் கூட ஆழம் கூடும். இன்றைய கருவி நான்கு நான்காகத் தானே மாற்றி மாற்றி எடுத்துக்கொள்கிறது. 48 முளைக்கு 360 அளவீடுகள். 94 மீட்டர் வரிசையில் சுமார் 15 மீட்டர் ஆழம் வரை தெரியும். இந்தக் கரையின் உயரம் ஆறு மீட்டர்தான் என்பதால் அடித்தளமும் படத்துக்குள் வந்துவிடும். ஈர மண்ணில் தடை குறைவு, படத்தில் நீலம். உலர்ந்த மண் சிவப்பு.

பிற்பகலில் மடிக்கணினியில் படம் விரிந்தபோது, வரிசையின் நடுவில் அடர்நீலத்தில் ஒரு திட்டு தெரிந்தது. கசிவு இதுதானா என்று கேட்டேன். குழுவுக்குத் தலைமை தாங்கிய புவி இயற்பியலாளர் பதில் சொல்லாமல், பக்கத்தில் நின்ற, ஏரித் தண்ணீரைப் பங்கிடும் ஊர் நீர்க்கட்டியைப் பார்த்தார்.

"ஐயா, இந்த இடத்துல என்ன இருந்துச்சு?"

பெரியவர் படத்தைப் பார்க்கவில்லை, கரையைப் பார்த்தார். "அதா மேடம்? எங்கப்பா காலத்துல கரை உடைஞ்சு அடைச்ச இடம். ஏரிக்குள்ள இருந்தே களிமண்ண வெட்டிப் போட்டாங்க."

களிமண்ணும் தடை குறைந்ததுதான். தண்ணீரே ஓடாவிட்டாலும் நீலமாகத்தான் தெரியும். இந்தத் தொழிலின் சிக்கலே இதில்தான் இருக்கிறது. படம் ஈரத்தையும் களியையும் பிரித்துச் சொல்லாது. அதற்காகத்தான் அவர்கள் சித்திரையில், ஏரி வற்றிக் கிடந்தபோது, இதே வரிசையில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் நடுத்திட்டு இரண்டிலும் அப்படியே இருந்தது. மதகின் ஓரத்தில் வெளிர்நீலமாக ஒரு கோடு மட்டும் புதிது. சித்திரைப் படத்தில் அது இல்லை. ஏரி நிறைந்ததும் வந்திருக்கிறது. நான் கவனிக்காமல் தாண்டிப்போயிருப்பேன்.

மதகின் ஓரம் எங்கும் பலவீனமான இடம்தான். கட்டடத்தை ஒட்டி மண்ணை அழுத்திக் கெட்டிப்படுத்துவது கடினம். அந்த இடுக்கில்தான் தண்ணீர் வழி தேடும்.

சந்தேகத்தை உறுதிசெய்ய மறுநாள் வேறொரு வேலை நடந்தது. அடிப்பாகம் நுண்துளையுள்ள சிறு குடுவைகளில் மயில்துத்தக் கரைசல், அதற்குள் செம்புக் கம்பி. ஒரு குடுவையை ஓரிடத்தில் ஊன்றிவிட்டு, இன்னொன்றை வெளிச்சரிவின் அடிவாரத்தில் இடம் மாற்றி மாற்றி வைத்து மில்லிவோல்ட் குறித்தார்கள். இதில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுப்பதில்லை. மண்துகள்களுக்கிடையே ஓடும் தண்ணீர் நேர்மின்னூட்டத்தைத் தன்னோடு இழுத்துப்போகும். வெளியேறும் இடத்தில் அளவு கூடும். மதகின் இரும்புக் கதவும் முள்வேலியும் அளவைக் கெடுக்கும் என்று அவற்றைவிட்டு விலகியே வைத்தார்கள். மதகுக்குக் கீழ்ப்புறம் அளவு ஏறியது.

அங்கே கோரை பச்சைப்பசேலென்று நின்றது. பெரியவர் குனிந்து கையில் தண்ணீரை அள்ளிக் காட்டினார். "தெளிஞ்சு வந்தா பயமில்ல சார். கலங்கி வந்தா கரை கரையுதுன்னு அர்த்தம்."

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 93 மீட்டர் உயர டீட்டன் மண் அணையில் நடந்தது அதுதான். 1976 ஜூன் 3ஆம் தேதி கீழ்ப்பகுதியில் தெளிந்த ஊற்று தெரிந்தது. 5ஆம் தேதி காலையில் கலங்கல் நீர் வந்தது. நண்பகல் 11.57க்கு அணை உடைந்தது. 11 பேர் இறந்தார்கள்.

நம் ஊரில் 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும்தான் கணக்கில் கொள்கிறது. தமிழ்நாட்டின் சுமார் 39,000 ஏரிகளில் பெரும்பாலானவற்றின் கரை அதற்குள் வராது. சட்டம் கேட்காத இடத்தில் ஆய்வு நடந்தாலே பெரிய விஷயம். நடந்தாலும் பெரும்பாலும் ஒரே தடவை, ஒரே படம். என்னைக் கேட்டால் அந்த ஒற்றைப் படம் செலவுக்குப் பிடித்த கேடு. ஸ்வீடனில் ஹேல்பி அணையில் 1990களிலேயே மின்முனைகளை நிரந்தரமாகப் பதித்து, தொடர்ந்து அளந்து ஒப்பிட்டார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். டெண்டரில் கோடையில் ஒன்று, ஏரி நிறைந்தபின் அதே முளையிடத்தில் இன்னொன்று என்று எழுதினால் போதும். கூடவே, உடைந்து அடைத்த இடங்களை நீர்க்கட்டியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளவும் ஒருவர் வேண்டும்.

கரையடியில் குடியிருப்பவர்களுக்கு ஒன்று. ஊற்று கலங்கினால் நீர்வளத் துறைக்கு உடனே சொல்லுங்கள். வெளிப்பக்கம் களிமண்ணை அப்பி அடைக்காதீர்கள், தண்ணீர் வேறு வழி பிய்த்துக்கொள்ளும். ஆள் வரும்வரை ஊற்றின் மேல் முதலில் மணல், அதன் மேல் ஜல்லி போடுங்கள். தண்ணீர் வெளியே வரட்டும், மண் மட்டும் உள்ளே நிற்க வேண்டும்.