கண்ணுக்குப் படாத இரும்பு

பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் செல்லும் சாலையோரம், கடலையே காணாத கப்பலொன்று குளத்தில் நிற்கிறது. 1938இல் கட்டப்பட்ட அந்த ஈயக் கப்பலின் எடை 4,500 டன். வருவோரெல்லாம் அண்ணாந்து வாளிச் சங்கிலியையே வியக்கின்றனர். அத்தனையையும் தாங்குவதோ நீருள் மறைந்த மிதவை. 1982இல் பணி ஓய்ந்தபின் அதில் கசிவு கண்டது. மலையனைய கலம் ஒருபுறம் சாய்ந்தது. பின்னர் பழுது நீக்கப்பட்டது; இன்று அது அருங்காட்சியகம்.

லூமுட் கரைக்கு வரும் பழைய பாய்மரப் படகுகளின் கதையும் இதுவே. அங்கே காரீயம், இங்கே தோண்டியது வெள்ளீயம், துரு மட்டும் ஒன்றே. அடியிலுள்ள காரீயப் பாரத்தைப் படகோடு பிணைக்கும் மரையாணிகள், மேலே திருகுமரையருகில் பளபளக்கும். நடுவே, காற்றுப் புகாத ஈர இடுக்கில், துருப்பிடியா எஃகும் அரிபட்டு இளைத்திருக்கும். தட்டிப் பார்த்தால் தெரியாது. ஆதலின் அனுபவமுள்ளோர் படகைக் கரையேற்றி, ஓர் ஆணியையேனும் உருவிப் பார்ப்பர்.