புத்தகம் இல்லாத மோட்டார் சைக்கிள்

பெண்கள் குழுக் கூட்டங்களில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்கட பெயரில என்ன இருக்குது?"

கேட்டவுடன் யாராவது ஒருவர், "கடன் இருக்குது பிள்ளை" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கிய பிறகுதான் உண்மையான பதில்கள் வரும். சீதனக் காணி என்னுடையதுதான், ஆனால் உறுதி இடப்பெயர்வில் தொலைந்து விட்டது என்பார் ஒருவர். உறுதி கையில் இருக்கிறது, ஆனால் தேசவழமைச் சட்டப்படி விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், அவர் எங்கே என்றே தெரியாது என்பார் இன்னொருவர். மற்றதெல்லாம் "அவருடைய பெயரில்" என்று முடிந்துவிடும்.

சமூகவியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்து பன்னிரண்டு வருடங்களாக இதே கேள்வியைக் கேட்டு வருகிறேன். என் சொந்த அம்மாவிடம் மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க வைத்தது எங்கள் வீட்டுக் கொட்டிலில் தறப்பாளின் கீழ்க் கிடந்த பழைய மோட்டார் சைக்கிள்.

அது ஒரு ஹொண்டா சாலி. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் வேலைக்குப் போன பெண்களை நினைவிருப்பவர்களுக்கு அந்தச் சைக்கிளும் நினைவிருக்கும். பத்து அங்குலச் சிறிய சக்கரங்கள், சேலையோடு ஏறி இருக்கத் தோதான தாழ்ந்த நடுப்பகுதி, கையில் கிளச் பிடிக்கத் தேவையில்லாத கியர். அம்மா மருத்துவமாது. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். 1985 ஆம் ஆண்டு ஒருவரிடம் பாவித்த சைக்கிளாக அதை அப்பா வாங்கினார். ஓடியது அம்மாதான். அப்பா தன்னுடைய துவிச்சக்கர வண்டியிலேயே வேலைக்குப் போய் வந்தார்.

1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது குடாநாட்டில் பெற்றோல் மருந்துக்கும் கிடைக்காத பொருளானது. வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. ஒரு சிறு குப்பியில் இருக்கும் பெற்றோலில் கொஞ்சத்தைக் காபரேற்றருக்குள் விட்டு, உதைத்து ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். புகை கண்ணை எரிக்கும். பிளக்கில் கரி பிடித்து இடைவழியில் நின்றுவிடும். பிரசவம் பார்க்கப் போகும் வழியில், நடுச்சாமத்தில், ரோச் லைற்றை வாயில் கவ்விக்கொண்டு பிளக்கைக் கழற்றி மண்தாளால் தேய்த்த கதைகளை அம்மா இப்போதும் சொல்வார். அந்தச் சைக்கிளின் சத்தம் கேட்டால் "மருத்துவமாது வாறா" என்று ஒழுங்கையில் நாய்க்கும் தெரியும்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீதிக்கு வந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. சாலியின் இருக்கையில் என்னையும் ஒரு அரிசிப் பையையும் வைத்து, மழையில் நாவற்குழிப் பாலம் வரை அப்பா உருட்டிக்கொண்டு வந்தார். சைக்கிள் தென்மராட்சிக்கு வந்தது. அதன் பதிவுப் புத்தகம் வீட்டு றங்குப்பெட்டிக்குள் இருந்தது. அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பிப் போனபோது பெட்டியும் இல்லை, வீட்டுக்குக் கூரையும் இல்லை.

அதே 1996 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு காலையில் துவிச்சக்கர வண்டியில் வேலைக்குப் புறப்பட்ட அப்பா வீடு திரும்பவில்லை. இன்றுவரை இல்லை.

சாலி ஓடக்கூடிய நிலையில்தான் நின்றது. ஆனால் சந்திக்குச் சந்தி காவலரண் இருந்த காலத்தில், பத்திரமில்லாத மோட்டார் சைக்கிளில் ஒரு பெண் எப்படிப் போவது? அம்மா இணைப்பிரதி எடுக்க ஓர் அலுவலகத்துக்குப் போனார். "என்ர அவருடைய சைக்கிள், புத்தகம் துலைஞ்சு போச்சு" என்று சொல்லியிருக்கிறார். "அப்ப அவர் வந்து கையெழுத்து வைக்க வேணும். அல்லது மரணச் சான்றிதழ் கொண்டு வாங்கோ" என்று பதில் வந்தது. அம்மா வேறொன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்து சைக்கிளைத் தறப்பாளால் மூடினார். ஓய்வு பெறும்வரை சாதாரண லேடீஸ் சைக்கிளை மிதித்தே வேலை செய்தார்.

காணாமற்போனவர்களுக்கு மரணப் பதிவு செய்ய வழிவகுக்கும் சட்டம் 2010 இல் வந்தது. எத்தனையோ பெண்களுக்கு நானே அந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அம்மாவிடம் ஒருமுறை மெல்லக் கதையெடுத்தேன். "அந்த மனுசன் ஒருநாள் வந்து நிண்டு, என்னைச் சாகக் குடுத்திட்டியோ எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்றார். 2016 இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம், இறந்துவிட்டார் என்று சொல்லாமலே காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற வசதி வந்தது. அதையும் அம்மா விரும்பவில்லை. பிறகு நான் கேட்கவில்லை.

2020 இல் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. மோட்டார் சைக்கிள்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. தூரக் கிராமங்களுக்குப் போய்வர எனக்கு ஏதாவது ஒன்று தேவைப்பட்டது. புதியது வாங்க வசதி இல்லை. அப்போதுதான் தறப்பாளைத் தூக்கிப் பார்த்தேன்.

எங்கள் சந்தியில் கராஜ் வைத்திருக்கும் தம்பி ஒருவர், பழைய சைக்கிள்களில் விருப்பமுள்ளவர், 2021 இல் அதைக் கழற்றத் தொடங்கினார். சிலிண்டர் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. எஞ்சினின் கீழ்க்கூடு வெடித்திருந்தது. உடைத்து விற்கப்பட்ட இன்னொரு சாலியின் கூட்டை வாங்கிப் பொருத்தினார். பிஸ்ரன், றிங்ஸ், வயறிங், ரயர் எல்லாம் மாறின. என் சம்பளத்தில் மாதம் ஒரு சாமானாக எட்டு மாதம் எடுத்தது.

அடிச்சட்டத்தை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்த நாளில் அம்மாவும் கராஜுக்கு வந்தார். துருவும் பழைய பெயின்ரும் உரிய உரிய, உலோகத்தில் பொறித்த இலக்கங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து அவற்றை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். பக்கத்தில் பழைய 'ஸ்ரீ' இலக்கத்தையும் எழுதினார். தகடு துருவேறி வாசிக்க முடியாமல் இருந்தது. இலக்கம் அம்மாவுக்கு மனப்பாடம்.

சைக்கிள் தயாரானபோது 2022 பிறந்திருந்தது. நாடே எரிபொருள் வரிசையில் நின்றது. அந்த ஆண்டு கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்றார்கள். அதற்கு வாகன இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பதிவில் உள்ளபடி கொடுக்க வேண்டும். எங்களிடம் இலக்கங்கள் இருந்தன, அவை யாருக்குச் சொந்தம் என்று காட்டும் கடதாசி இல்லை. "அந்த நாளில பெற்றோல் இல்லை, சைக்கிள் ஓடினது. இப்ப சைக்கிள் ஓடும், பெற்றோல் தரமாட்டினம்" என்று அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த நேரத்தில்தான் ஒருவர் வந்தார். உடைத்து விற்ற வேறொரு சாலியின் புத்தகம் தன்னிடம் இருப்பதாகவும், எங்கள் அடிச்சட்ட இலக்கத்தை அராவிவிட்டு அந்தப் புத்தகத்தில் உள்ள இலக்கத்தைப் பொறித்தால் இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும் என்றும் சொன்னார். கேட்ட காசும் பெரிதில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு இரவு முழுவதும் யோசித்தேன். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதை விட அது சுலபம். மரணச் சான்றிதழ் என்ற சொல்லும் வீட்டுக்குள் வராது.

விடிந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா உடனே மறுத்தார். "அந்த நம்பரை அழிச்சால் பிறகு அது வேற ஆரோ ஒராளின்ர சைக்கிள். அதை நான் ஏன் வைச்சிருக்கோணும்?"

அம்மா சொன்னது மனதின் நியாயம். சட்டத்தின் நியாயமும் அதுவேதான். அடிச்சட்ட இலக்கத்தை மாற்றுவது குற்றம். அந்த வேறு புத்தகத்தின் பின்னால் ஒரு கடனோ, களவோ, விபத்து வழக்கோ இருந்தால் அதுவும் நம் தலையில் வந்து விழும். தரகர் அப்போது இருக்கமாட்டார்.

நேர்வழியில் தொடங்கினேன். முதலில் புத்தகம் தொலைந்ததைப் பற்றிப் பொலிஸில் முறைப்பாடு எழுதி அதன் பிரதியை எடுத்தேன். பிறகு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், நாரகேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பழைய இலக்கத்தைக் கொடுத்துப் பதிவு விபரம் கேட்டேன். அப்பா இல்லாத கதையை எப்படிச் சொல்வது என்று பஸ்ஸிலேயே சிங்களத்தில் இரண்டு மூன்று வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன். மரணச் சான்றிதழ் கேட்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் வசனம் இருக்கவில்லை.

பழைய பதிவு என்பதால் இரண்டாவது முறையும் போக வேண்டி வந்தது. அன்று கருமபீடத்தில் இருந்த பெண் உத்தியோகத்தர் விபரத்தைப் பார்த்து ஒரு பெயரை வாசித்தார். எனக்கு விளங்கவில்லை. திரும்பவும் வாசிக்கச் சொன்னேன். அது என் அம்மாவின் பெயர்.

"இது யார்?" என்று கேட்டார்.

"என்ர அம்மா."

"உயிரோட இருக்கிறாங்களா?"

"ஓம்."

"அப்ப அவங்களே கேட்டிருக்கலாமே?"

நான் பாடமாக்கிய வசனங்கள் ஒன்றும் தேவைப்படவில்லை. வெளியே வந்து மதிலோரம் நின்று அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நெடுநேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு சொன்னார். "சைக்கிள் வாங்கின கிழமை ஒரு கடதாசியைக் கொண்டுவந்து கையெழுத்து வை எண்டவர். நான் கிளினிக்குக்குப் போற அவசரம். என்ன ஏது எண்டு வாசிக்கேல்லை. வைச்சிட்டுப் போட்டன்."

ஏன் அதை அம்மாவின் பெயரில் எழுதினார் என்றோ, ஏன் பிறகு சொல்லவில்லை என்றோ கேட்க இன்று ஆளில்லை. சொல்லித்தான் இருப்பார், தான் காதில் போட்டுக்கொள்ளவில்லைப் போலும் என்கிறார் அம்மா.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அலைச்சல்தான், ஆனால் வழி தெரிந்த அலைச்சல். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, சத்தியக்கடதாசி, அம்மாவின் அடையாள அட்டை ஆகியவற்றோடு இணைப்பிரதிக்கு அம்மாவே விண்ணப்பித்தார். எஞ்சின் மாறியதை மறைக்கவில்லை. கூட்டை விற்றவர் தந்த பற்றுச்சீட்டையும் அவருடைய புத்தகத்தின் பிரதியையும் காட்டி, புதிய எஞ்சின் இலக்கத்தைப் பதிவில் ஏற்றினோம். வாகனத்தைக் கொண்டுபோய்ப் பரிசோதனைக்குக் காட்டினோம். இத்தனை வருடம் ஓடவில்லை என்பதைக் கிராம அலுவலர் மூலம் உறுதிப்படுத்தி, காப்புறுதி எடுத்து, பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் பெற்றோம். எல்லாம் முடிந்த அதே 2023 செப்ரெம்பரில் கியூ.ஆர். முறையையே நீக்கிவிட்டார்கள்.

"இனி உன்ர பேருக்கு மாத்துவமோ?" என்று அம்மாவிடமிருந்து கேள்வி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நானாகக் கேட்டேன். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ர பேரிலயே கிடக்கட்டும். நீ ஓடு" என்றார்.

இதை ஒரு வெற்றிக் கதையாக நான் எழுதவில்லை. இருபத்தாறு வருடம் அம்மா மழையிலும் வெயிலிலும் சைக்கிள் மிதித்தது திரும்பி வராது. அப்பாவின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு அப்படியே கிடக்கிறது. அதற்கு என்ன செய்வது என்பதை அம்மாவே தீர்மானிக்கட்டும். ஆனால் தன்னுடைய பொருளுக்காக அம்மா எந்தச் சான்றிதழும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதை யாரும் தேடிப் பார்க்கவில்லை. "அவருடைய சைக்கிள்" என்று அம்மா சொன்னார், எதிரில் இருந்தவரும் அதையே நம்பினார், படித்த நானும் நம்பினேன்.

வாசிக்காமல் வைக்கும் கையெழுத்து நம் பெண்களைக் கடனில் மாட்டியதை நாள்தோறும் பார்க்கிறேன். அதே கையெழுத்து நமக்குரியதையும் நம் கண்ணிலிருந்து மறைத்து வைக்கும் என்பதை என் வீட்டில்தான் கற்றேன். அதனால் சகோதரிகளே, காணியோ வங்கிப் புத்தகமோ வாகனமோ, "அது அவருடைய பெயரில்" என்று சொல்லுமுன் ஒருமுறை உரிய இடத்தில் பதிவைக் கேட்டுப் பாருங்கள். இலக்கம் ஒன்று நினைவிருந்தால் அதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தனியே போகத் தயக்கமென்றால் எங்களைப் போன்ற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கூட்டங்களுக்கு நான் இப்போது சாலியில்தான் போகிறேன். போன மாதம் ஒரு கிராமத்தில் வயதான அம்மா ஒருவர் சத்தம் கேட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மருத்துவமாதின்ர சைக்கிளெல்லே இது?" என்று கேட்டார். "ஓம், அவவின்ர பேரிலதான் இருக்குது" என்றேன்.