பாதி போட்டு கம்பெனியில... மீதி போட்டு மணல்ல!

கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி 'சில்வர் பீச்' என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் அடுத்த கேள்வி கேட்காமல் தேவனாம்பட்டினம் ரோட்டில் வண்டியைத் திருப்புவார். வழியில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்த இடம். 1690-ல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர்கள் இந்தக் கோட்டையை வாங்கினார்கள். சுற்றுப்புறத்தில் எவ்வளவு நிலம் சேரும் என்று எப்படி அளந்தார்கள் தெரியுமா? டேப் பிடித்து இல்லை பாஸ், பீரங்கி வெடித்து! குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் கம்பெனிக்குச் சொந்தம். குண்டு உப்பலவாடி என்று ஒரு ஊர் இன்னமும் இருக்கிறது. 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து கோட்டையை இடித்துத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

ஹிஸ்டரி கிளாஸ் ஓவர். பீச்சில் காதல் ஜோடிகள், பஜ்ஜிக் கடை, காலேஜ் கட் அடித்த கும்பல் எல்லாவற்றையும் தாண்டி, மீனவர் குடியிருப்புப் பக்கம் நடந்தால் காட்சியே மாறுகிறது. மணலில் வரிசையாக பைபர் போட்டுகள். வலை பின்னுகிற விரல்கள், கருவாட்டு வாசம், எங்கிருந்தோ எஃப்.எம்.மில் பழைய பாட்டு. நடுவில் ஒரு போட்டு மட்டும் பெயின்ட் இல்லாமல், பேர் இல்லாமல், வெள்ளை வெளேரென்று நிற்கிறது. ஓனர் அண்ணனுக்கு வயது இருபத்தெட்டுக்குள்தான் இருக்கும். இடுப்பில் லுங்கி, கையில் டிரில்லிங் மிஷின்.

"பேட்டியெல்லாம் எடு தம்பி, பேர் மட்டும் போடாத. போட்டுக்கே இன்னும் பேர் வைக்கல, எனக்கு எதுக்கு?" என்று சிரிக்கிறார். டீல்!

மொட்டை போட்டு

பைபர் கம்பெனியில் பணம் கட்டினால் கிடைப்பது வெறும் கூடு. அச்சுக்கு மெழுகு தடவி, மேலே ஜெல்கோட் பூசி, கண்ணாடி இழை மேட்டையும் ரோவிங்கையும் மாற்றி மாற்றி வைத்து, ரெசினில் ஊற வைத்து, ரோலரால் காற்றுக் குமிழை நசுக்கி எடுப்பார்கள். காய்ந்ததும் அச்சிலிருந்து கழற்றினால் முப்பதடி சொச்சத்துக்கு ஒரு மொட்டை போட்டு ரெடி. இன்ஜின் எங்கே, ஐஸ் பெட்டி எங்கே, வலை எந்தப் பக்கம், கால் வைக்க இடம் எங்கே என்பதெல்லாம் வாங்கினவன் பாடு.

'ஏண்ணே, எல்லாத்தையும் கம்பெனிக்காரங்களே மாட்டிக் கொடுத்தா வேலை மிச்சம்தானே?' என்றால், அண்ணன் ஏற இறங்கப் பார்க்கிறார்.

"நண்டு வலைக்காரனுக்கு ஒரு மாதிரி வேணும், வஞ்சிர வலைக்காரனுக்கு வேற மாதிரி வேணும். இந்தக் கரையில அலையடி ஒரு மாதிரி, துறைமுகத்துல கட்டுறவனுக்கு அலையடியே கிடையாது. ஒரே சட்டைய ஊருக்கே தெச்சா எவனுக்குப்பா பொருந்தும்?"

இந்த ஊருக்கு அந்த 'ஒரே சட்டை' அனுபவம் உண்டு. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது இந்தக் கரையில் கட்டுமரமும் போட்டும் வலையும் வீட்டோடு சேர்ந்து போயின. அதன்பிறகு அரசும் தொண்டு நிறுவனங்களும் தமிழகக் கரை முழுக்க பைபர் போட்டுகளைக் கொடுத்தார்கள். நல்ல மனசுதான். ஆனால் அவசரத்தில் செய்ததில் தரம் முன்னே பின்னே இருந்தது. கட்டுமரத்திலேயே வளர்ந்தவர்கள் ஒரே ராத்திரியில் பைபருக்கு மாறினார்கள். வந்த போட்டை வெட்டி, ஒட்டி, துளை போட்டு, தங்களுக்குத் தோதாக மாற்றிக்கொள்ளப் பழகியதும் அப்போதுதான். அந்தப் பாடத்தின் அடுத்த பேட்ச்தான் நம்ம அண்ணன்.

லேப்ல இல்லாத லேப்

முதல் நாள் வேலை, தட்டிப் பார்ப்பது. ஒரு ரூபாய் நாணயத்தால் போட்டு முழுக்க 'டக் டக்' என்று தட்டிக்கொண்டே வருகிறார்கள். 'டங்' என்று கெட்டியாகக் கேட்டால் ஓகே. 'டப்' என்று பொக்கையாகக் கேட்டால், உள்ளே இழைகள் ஒட்டாமல் காற்று நிற்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் சாக்பீஸ் வட்டம். பிறகு தேய்த்து எடுத்து, புது மேட் வைத்து ரெசின் பூசவேண்டும். நம் காலேஜில் இதற்குப் பெரிய பெயர் வைத்து ஒரு யூனிட்டே நடத்துகிறார்கள்!

அடுத்து ஏரா. போட்டின் அடிமுதுகு. தினமும் மணலில் இழுபடுகிற இடம் என்பதால் அங்கே மட்டும் கூடுதலாக இழை ஒட்டுகிறார்கள். ரெசினில் ஹார்ட்னரை அளந்துதான் விடவேண்டும். அதிகமானால் டப்பாவிலேயே சூடேறி இறுகிவிடும், குறைந்தால் நாள் கணக்கில் பிசுபிசுக்கும். மேகம் கறுத்தால் வேலை நிறுத்தம். ஈரம் பட்டால் ஒட்டு நிற்காது.

இன்ஜின் பொருத்துவதைப் பார்க்கத்தான் கூட்டமே கூடுகிறது. இங்கே ஓடுவது லாங் டெயில் டீசல் இன்ஜின். நீளமான தண்டு, நுனியில் காற்றாடி. மொத்தமும் ஒரு அச்சில் உட்கார்ந்திருக்கும். அலையடியில் கரையேறும்போது அப்படியே அமுக்கினால் காற்றாடி தண்ணீரை விட்டு மேலே எழும்பிவிடும், மணலில் இடிக்காது. ஸ்டாண்டு ஒரு சாண் உயர்ந்தால் காற்றாடி ஆழம் போகாமல் நுரையைக் கிளறும். அதை ஆழத்துக்கு இறக்கப் பார்த்தால் தண்டு செங்குத்தாகி, தள்ளுகிற சக்தி வீணாகும். இதற்கு ஃபார்முலா? இரண்டு தடவை ஆற்றில் விட்டு ஓட்டி, கரியால் கோடு போட்டுக் கொள்வதுதான்.

போல்ட் போடும் இடமெல்லாம் உள்பக்கம் அகலமான தகடு வைக்கிறார்கள். இன்ஜினின் அதிர்ச்சி ஒரே துளையில் போய்க் குத்தாமல் பரவும். துளை போட்ட கையோடு அதன் ஓரத்தில் ரெசினைத் தடவிவிடுகிறார் அண்ணன். "பின் பலகைக்குள்ள பிளைவுட் இருக்கு தம்பி. தொளை வழியா தண்ணி போச்சுன்னா வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள இத்துப்போயிடும். ஒருநாள் இன்ஜினே கழண்டு கடலுக்குப் போகும்."

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று. தங்கூசி வலை இருக்கிறதே, நகம் அளவு முள் இருந்தாலும் மாட்டிக்கொண்டு கிழியும். அதனால் வலை இழுக்கும் பக்கம் ஒரு போல்ட் தலைகூட வெளியே தெரியக்கூடாது. விளிம்பில் பிளாஸ்டிக் பைப்பை நீளவாக்கில் கீறி மாட்டுகிறார்கள். எல்லாம் முடிந்தபிறகு கிழிந்த வலைத் துண்டு ஒன்றை எடுத்து, போட்டு முழுக்கத் தேய்த்துக்கொண்டே நடக்கிறார் ஒரு பையன். எங்கே மாட்டுகிறதோ அங்கே உப்புத்தாள். சிம்பிள், செலவில்லாத குவாலிட்டி செக்!

ஐஸா? ஃபோமா?

மூன்றாம் நாள் சண்டை வந்தது.

போட்டின் இரண்டு பக்கமும், விளிம்புக்குக் கீழே, மூடிய அறைகள் உண்டு. உள்ளே ஃபோம். அணியத்திலும் கொஞ்சம். அண்ணனுக்கு ஐஸ் வைக்க இடம் பற்றவில்லை. ஐஸ் அதிகம் இருந்தால்தானே தூரம் போகலாம், இரண்டு நாள் தங்கலாம், மீன் கெடாமல் வரும், கடனும் சீக்கிரம் அடையும்? "ஒரு பக்கத்து ஃபோமைப் பேத்து எடுத்துட்டா சூப்பரா ஐஸ் அடிக்கலாம். எத்தினி பேரு எடுத்துட்டு ஓட்டுறான்!" என்று உளியைத் தூக்கினார்.

வலை மேல் உட்கார்ந்திருந்த அவருடைய பெரியப்பா எழுந்து வந்தார். கட்டுமரத்தில் போய் வளர்ந்த ஆள். ஒருமுறை கவிழ்ந்த போட்டைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்தவராம்.

"டேய், மரம் தானா மெதக்கும். கட்டுமரம் தலகீழா போனாலும் மரம் மரம்தான். பைபரு அப்டி இல்ல. அத நாமதான் மெதக்க வெக்கணும். ஃபோமை எடுத்துட்டா அது போட்டு இல்ல, தொட்டி."

"நீ ஒண்ணு பெரியப்பா! போட்டு என்னா தினமுமா கவுருது?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். 'இன்ஜினீயர் தம்பி' ஆயிற்றே! சிமென்ட் பை காகிதத்தில் கணக்குப் போட்டோம். பைபரின் அடர்த்தி தண்ணீரைப்போல ஒன்றரை மடங்கு. அண்ணன் போட்டின் கூடு ஆயிரம் கிலோ பக்கம் வரும். தண்ணீர் நிரம்பி முழுகினால், கடல் நீர் தூக்கிவிடுவது போக மீதி 320 கிலோ கீழே இழுக்கும். இன்ஜின், நங்கூரம் எல்லாம் இரும்பு, அதில் ஒரு 130 கிலோ. வலையின் ஈயமும் மற்றதும் 50 கிலோ. ஆக, 500 கிலோ.

ஒரு லிட்டர் ஃபோம் கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தாங்கும். ஆக 500 லிட்டர் வேண்டும். நம்ம 20 லிட்டர் வாட்டர் கேன் கணக்கில் 25 கேன்! இப்போது போட்டில் இருப்பது? டேப் வைத்து அளந்தோம். ஒரு பக்க அறை ஆறடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒரு அடி உயரம். சுமார் 250 லிட்டர். இரண்டு பக்கமும் 500, அணியத்தில் ஒரு நூறு. மொத்தம் 600. மிச்சம் இருக்கும் அந்த நூறு லிட்டர்தான், தொங்கிக்கொண்டிருக்கும் ஆட்களைத் தாங்குவது. ஒரு பக்கத்தைப் பெயர்த்தால் 350-தான். போட்டு போயே போச்!

அண்ணன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் விடவில்லை. "இன்னொண்ணு எழுது தம்பி. ஃபோமை அடியில வெச்சா போட்டு கவுந்து மெதக்கும். ரெண்டு பக்கமும் மேல வெச்சாதான் நிமிந்து மெதக்கும். ஒரு பக்கம் மட்டும் இருந்தா, சாஞ்சு மெதக்கும்." சென்டர் ஆஃப் பாயன்ஸி பற்றி நாங்கள் ஒரு செமஸ்டர் படித்ததை, மனிதர் மூன்று வரியில் முடித்துவிட்டார்!

ஒரே கல்லில் ரெண்டு மாங்கா

ஆனால் ஐஸ் பிரச்னை அப்படியே இருக்கிறதே? கடன் கொடுத்தவர் ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை ஏற்றுக்கொள்வாரா என்ன?

விடை பெட்டியிலேயே இருந்தது. நடுவில் வலை வைக்கும் இடத்தைக் கொஞ்சம் குறுக்கி, அங்கே இரட்டைச் சுவரில் ஐஸ் பெட்டி. இரண்டு சுவருக்கும் நடுவில் நாலு விரல்கடை ஃபோம். ஐஸ் சீக்கிரம் உருகாது, அதனால் கொண்டுபோகும் ஐஸையே குறைக்கலாம். மூடி வைத்த ஃபோம் என்பதால் ஆபத்தில் அதுவும் மிதக்க உதவும். உருகும் தண்ணீர் பெட்டிக்குள் இங்குமங்கும் அலம்பினால் போட்டும் கூடவே ஆடும் என்பதால், வடிந்து வெளியேற ஒரு குழாயும் வைத்தார்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரோ தெர்மாகோலைக் கொண்டுவந்தார்கள். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. டம்ளரில் இருந்த ரெசினில் ஒரு துண்டைப் போட்டார். பஞ்சுமிட்டாய் வாயில் கரைவதுபோல், கொஞ்ச நேரத்தில் ஆளையே காணோம்! ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் மூடிய அறை, உள்ளே ஓட்டை! அதனால் இரண்டு திரவங்களைக் கலந்தால் பொங்கி வந்து இறுகும் பி.யூ. ஃபோம்தான் ஊற்றினார்கள். இட்லி மாவு புளித்துப் பொங்குகிற மாதிரி, ஆனால் பத்தே நிமிஷத்தில்!

பேர் வைக்கலாமா?

மாசி மகத்துக்கு இந்தக் கடற்கரைக்கு நீங்கள் வந்து பார்க்கவேண்டும். சுற்றுவட்டாரக் கோயில் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு இங்கேதான் வரிசை கட்டும். அந்த அளவுக்குச் சாமியும் சாங்கியமும் உள்ள ஊர். புது போட்டு என்றால் பூசணிக்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் உண்டு. ஆனால் பெரியவர் கண்டிஷன் போட்டுவிட்டார். "மொதல்ல முழுக்கணும். அப்புறம்தான் பேரு."

கெடிலம் ஆறு கடலைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் சாதுவாக இருக்கும். போட்டை அங்கே கொண்டுபோனார்கள். புது இன்ஜினைக் கழற்றி வைத்துவிட்டு, அதே எடைக்குப் பழைய இரும்பும் நங்கூரமும் ஏற்றினார்கள். இரண்டு பக்கமும் பாதுகாப்புக்குக் கயிறு. பிறகு பம்ப் வைத்துத் தண்ணீரை உள்ளே விட ஆரம்பித்தார்கள். பல லட்சம் கடன் வாங்கிச் செய்த போட்டில், ஓனரே தண்ணீர் விடுகிறார்! கரையில் நின்ற அண்ணி முகத்தில் ஈயாடவில்லை.

போட்டு கனத்தது. தாழ்ந்தது. விளிம்பு வரைக்கும் தண்ணீர் வந்தது. பம்ப் ஓடிக்கொண்டேதான் இருந்தது, ஆனால் போட்டு அதற்குமேல் இறங்கவில்லை. சாயவும் இல்லை. ஆறு பேர் கழுத்து வரைக்கும் தண்ணீரில் நின்று விளிம்பைப் பிடித்துத் தொங்கினார்கள். சின்னதாக ஒரு ஆட்டம், அவ்வளவுதான்.

பெரியவர் வேட்டியை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். முழுகிக் கிடந்த போட்டின் விளிம்பில் ஏறி, மாட்டு வண்டியில் உட்காருவதுபோல உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் இருக்கும். எதுவும் பேசவில்லை. அப்புறம் கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பெயின்ட்டு டப்பாவ எட்றா... பேர எழுது!"