பாரிஸில் மடிக்கணினி தேடிய கதை

பழைய மடிக்கணினியை மாற்றியே ஆகவேண்டும் என்ற நிலை 2025 ஒக்டோபரில் ஏற்பட்டது. அந்த மாதம் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திக்கொண்டது. ஐரோப்பியப் பொருளாதார வலய நாடுகளில் வசிப்போருக்கு மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் இலவசமாகக் கிடைக்கும் என்று அறிவித்திருந்தார்கள். ஆகவே, தலைபோகிற அவசரம் இருக்கவில்லை. ஆனாலும் 2014இல் நாட்டை விட்டுப் புறப்படுமுன் கொழும்பில் வாங்கிய அந்தப் பொறியில் விண்டோஸ் 11 ஏறாது. அதற்குரிய பாதுகாப்புச் சில்லு அதில் இல்லை. பற்றரியோ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே உயிரை விட்டுவிட்டது. மின்செருகியைக் கழற்றினால் அடுத்த கணமே திரை இருண்டுவிடும்.

அன்று முதல் எனக்கு ஆலோசனை சொல்லாதவர்கள் இல்லை. லா சப்பல் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போனால் அங்கே ஒருவர், கோயில் வாசலில் இன்னொருவர். பதினாறு கிகாபைட் நினைவகத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள், திண்ம வட்டு இல்லாத கணினியைத் தொடாதீர்கள், ஜனவரி மலிவு விற்பனை வரும்வரை பொறுத்திருங்கள் என்றெல்லாம் சொன்னார்கள். எல்லாம் நல்ல ஆலோசனைகளே. பிரான்சில் இந்த மலிவு விற்பனைகள் அரசு வகுத்த விதிகளின்படி ஆண்டுக்கு இரண்டு தடவை, நான்கு வாரங்கள் வீதம் நடைபெறுகின்றன. 2021 ஜனவரி முதல் இங்கு விற்கப்படும் மடிக்கணினிகளில் பழுதுபார்ப்புக் குறியீடு என்று பத்துக்கு ஒரு புள்ளியும் ஒட்டப்பட்டிருக்கும். உதிரிப்பாகம் கிடைக்குமா, திறந்து திருத்த இயலுமா என்பதை அது ஓரளவு சொல்லும். புதிதாக வாங்குவோர் விலைச்சீட்டைப் பார்க்குமுன் அந்தப் புள்ளியைப் பார்ப்பது நல்லது.

ஆனால் என் பிரச்சினை இவை எதிலும் இல்லை. என் பிரச்சினை விசைப்பலகை.

நான் தட்டச்சுப் பழகியது தமிழ்த் தட்டச்சுப் பொறியில். பலகையைப் பார்க்காமல், "யளனக, யளனக" என்று விரல்கள் வலிக்க வலிக்கத் தாள் தாளாக அடித்துப் பழகிய தலைமுறை எங்களுடையது. அந்தத் தமிழ்த் தட்டச்சு விசைப்பலகையை வடிவமைத்தவராகக் கொள்ளப்படும் ஆர். முத்தையா, யாழ்ப்பாணம் சுண்டிக்குளியிலிருந்து மலாயாவுக்குப் போய்ச் சிங்கப்பூரில் வாழ்ந்தவர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். வெளிநாட்டில் வாழ்ந்த ஓர் ஈழத்தமிழரின் மூளையிலிருந்தே நமது விரல்களுக்கு இந்தப் பழக்கம் வந்து சேர்ந்தது. பின்னர் பத்திரிகை அலுவலகங்களுக்குக் கணினி வந்தபோது, அந்த ஒழுங்கைப் பெரும்பாலும் பின்பற்றிய பாமினி எழுத்துரு எங்களுக்குக் கைகொடுத்தது. ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அடித்தால் திரையில் "தமிழ்" என்று வரும். யூனிகோட் வந்தது, பாமினி முறையில் அடித்து யூனிகோடில் பெறும் மென்பொருள்களும் வந்தன. 1999இல் சென்னை மாநாட்டில் தமிழ் 99 விசைப்பலகை அறிவிக்கப்பட்டது. இலங்கையில் ரெங்கநாதன் விசைப்பலகை நியமமாயிற்று. விரல்கள் மட்டும் இடம் மாறவில்லை. நாற்பது வருடப் பழக்கத்தை எந்தக் குழு கூடி நியமம் வகுத்தாலும் மாற்றிவிட முடியுமா?

இங்குதான் பிரான்ஸ் குறுக்கிடுகிறது. இந்த நாட்டுக் கடைகளில் விற்கப்படும் கணினிகள் ஏறக்குறைய எல்லாமே அசெர்ட்டி விசைப்பலகையுடன் வருகின்றன. ஆங்கிலப் பலகையில் கியூ இருக்கும் இடத்தில் இங்கே ஏ. டபிள்யூ இருக்கும் இடத்தில் இசட். எம் என்ற எழுத்து கீழ்வரிசையை விட்டு நடுவரிசையின் வலதுகோடிக்குப் போய்விட்டது. இலக்கங்களையும் முற்றுப்புள்ளியையும் பெற வேண்டுமானால் மேல்மாற்று விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும். பிரெஞ்சுக்காரருக்கு இது பழகிப்போன விடயம். பாமினிக்காரனுக்கோ பேரிடி.

மகனின் கணினியில் பாமினியை நிறுவிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு "அம்மா" என்று அடித்துப் பார்த்தேன். "இமஅமா" என்று வந்தது. பாமினியில் அகரத்துக்குரிய எம் இருந்த இடத்தில் இப்போது கால்புள்ளி இருக்கிறது, அது இகரம். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் அரைப்புள்ளி விசை இருந்த இடத்திலோ எம் வந்து குந்திக்கொண்டிருக்கிறது. ஆகவே எங்கெல்லாம் புள்ளி விழவேண்டுமோ அங்கெல்லாம் அகரம் விழுகிறது. "தமிழ்" என்றால் "தமிழஅ". "யாழ்ப்பாணம்" என்று அடித்தபோது வந்ததை அப்படியே தருகிறேன்: "ஙாழஅபஅபாறமஅ". அக்கம்பக்கத்தில் நின்ற பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஜெர்மனியில் இருக்கும் உறவினர்களுக்கு வேறு வகைச் சிக்கல். அங்குள்ள பலகையில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருப்பதால் லகரமும் ணகரமும் ஒன்றின் கதிரையில் மற்றொன்று இருக்கும்.

மகன் மென்பொருள் துறையில் வேலை செய்பவன். அவனுக்கு இது ஒரு பிரச்சினையாகவே படவில்லை.

"அப்பா, செட்டிங்ஸிலை ஆங்கிலப் பலகை எண்டு மாத்திவிட்டால் சரி. நீங்கள் பார்க்காமல்தானே அடிக்கிறீங்கள். மேலை என்ன எழுத்து அச்சடிச்சிருந்தால் என்ன?"

பாதி சரியான வாதம். எழுத்துகளின் இடத்தை மென்பொருளால் மாற்றலாம் என்பது உண்மை. பார்க்காமல் அடிக்கத் தெரிந்தவர்கள், பணம் வீணாகாமல் இருக்க, முதலில் இதைத்தான் செய்து பார்க்கவேண்டும். பலருக்கு இதுவே போதும். எனக்கு ஏன் போதவில்லை என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். கடைக்காரர் எவரும் இதைச் சொல்லப் போவதில்லை.

மென்பொருளால் எழுத்தை மாற்றலாம். விசையின் உருவத்தை மாற்ற முடியாது. ஐரோப்பியப் பலகைகளில் இடதுபக்க மேல்மாற்று விசை குட்டையானது. அதை வெட்டிக் குறுக்கி, பக்கத்தில் இன்னொரு விசையைச் செருகியிருக்கிறார்கள். அமெரிக்கப் பலகையிலோ அது நீண்டு, சின்னிவிரலுக்கு வாகாக இருக்கும். இலங்கையில் நாம் வாங்கிப் பழகியது அமெரிக்கப் பலகையே. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. வசனத்தின் தொடக்கத்தில் ஒரு பெரிய எழுத்து, அவ்வளவுதான். பாமினியில் அப்படியல்ல. கு, து, பு, மு, ரு, லு, ழு, று, னு எல்லாமே மேல்மாற்று விசையுடன் பிறப்பவை. இவற்றுள் து, மு, ரு, லு, ழு ஆகியவை வலக்கை விசைகள் என்பதால் இடது சின்னிவிரலே மேல்மாற்றை அழுத்தவேண்டும். "வருகிறது" என்ற ஒரு சொல்லுக்கே இரண்டு தடவை. ஒரு பக்கக் கட்டுரையில் எத்தனை "இருந்து", எத்தனை "முடிந்தது" என்று எண்ணிப் பாருங்கள். குட்டை விசையை விரல் தவறவிடும். அந்தச் செருகிய விசையில் விழும். வேண்டாத குறியொன்று திரையில் நிற்கும். மகனின் கணினியில் ஆங்கிலப் பலகையை மாற்றிவைத்து ஒரு வாரம் எழுதிப் பார்த்த பின்னரே இதைச் சொல்கிறேன். வழமையாக ஒரு மணித்தியாலத்தில் முடியும் கட்டுரைக்கு இரண்டரை மணித்தியாலம் பிடித்தது. அதில் பாதி நேரம் அழிப்பதில் போயிற்று.

"அப்ப பேசுங்கோ, அது தானாகத் தமிழிலை எழுதும்" என்றாள் மருமகள். உண்மைதான், கைத்தொலைபேசி இன்று தமிழைக் கேட்டு எழுதுகிறது. செய்தி அனுப்ப நானும் அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் கட்டுரை எனக்கு வாயில் வருவதில்லை, விரலில் வருகிறது. அடுத்த வசனம் என்னவென்று விசையைத் தட்டும்போதுதான் எனக்கே தெரியவருகிறது. சில காலமாக, என்னோடு ஒரே மேசையில் இருந்து பணியாற்றி, போரின் ஆண்டுகளில் கொல்லப்பட்ட சக பத்திரிகையாளர்களைப் பற்றி ஒவ்வொருவராக எழுதிவருகிறேன். இன்னும் பலர் மீதமிருக்கிறார்கள். அதை உரத்துச் சொல்லி எழுதுவிப்பது என்னால் ஆகிற காரியமில்லை. எழுபத்திரண்டு வயதில் புதிய விசைப்பலகை ஒன்றைப் பழகி முடித்த பின்பு எழுதலாம் என்று தள்ளிப்போடவும் மனமில்லை.

ஆகவே அமெரிக்கப் பலகையுள்ள மடிக்கணினி. எங்கே வாங்குவது?

எல்லோரும் முதலில் சொன்னது இலண்டன். மைத்துனர் அங்கே இருக்கிறார். ஆனால் 2021 ஜனவரி முதல் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே. கணினிக்குச் சுங்கத் தீர்வை இல்லாவிட்டாலும் பிரான்சுக்குள் வரும்போது 20 சதவீதப் பெறுமதி சேர் வரியும், பொதி கொண்டுவரும் நிறுவனத்தின் கட்டணமும் சேரும். அதையும் சகித்துக்கொள்ளலாம் என்றால், பிரித்தானியப் பலகையில் எழுத்துகள் சரியான இடத்தில் இருந்தாலும் இடது மேல்மாற்று விசை அங்கும் குட்டையே! மைத்துனர் தன் கணினியைப் படம் பிடித்து அனுப்பியபோது அதைக் கண்டுகொண்டேன்.

கொழும்பில் வாங்கி யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். விமானத்தில் வருபவர் 430 யூரோ பெறுமதி வரையிலான பொருட்களையே வரியின்றிக் கொண்டுவரலாம் என்பது ஒருபுறம். பழுதானால் அதே கணினியைத் திரும்பக் கொழும்புக்கு அனுப்பவேண்டிவரும் என்பது மறுபுறம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் புதிதாக வாங்கினால் சட்டப்படி குறைந்தது இரண்டு ஆண்டு உத்தரவாதம் உண்டு. இணையத்தில் வாங்கினால், காரணம் சொல்லாமலே பதினான்கு நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் உண்டு. நேரில் கடைக்குப் போய் வாங்கினால் அந்தப் பதினான்கு நாள் உரிமை சட்டப்படி கிடையாது என்பதைப் பலர் அறியார். அப்பிள் நிறுவனத்தின் இணையக் கடையில் விசைப்பலகையின் மொழியை நாமே தெரிவுசெய்யலாம். அந்த விலைக்கு என் ஓய்வூதியம் இடம்கொடாது.

வழிகாட்டியது ரொட்டர்டாமில் வசிக்கும் பெறாமகன். நெதர்லாந்து மக்கள் தமக்கென்று தனிப் பலகை வைத்துக்கொள்ளாமல் அமெரிக்கப் பலகையையே பயன்படுத்துகிறார்கள் என்றான். சுற்றிவர பெல்ஜியம் அசெர்ட்டி, ஜெர்மனி தன் வழி. நடுவில் இந்த நாடு மட்டும் நமது பலகையோடு இருக்கிறது! 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் நமக்குச் செய்த பிராயச்சித்தம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். ஒன்றியத்துக்குள் என்பதால் சுங்கமும் இல்லை, புதிதாக வரியும் இல்லை.

புதியதைவிட, அலுவலகங்களில் பாவித்துக் கழித்ததைப் புதுப்பித்து விற்பவர்களிடம் வாங்குவது என்று தீர்மானித்தேன். 2025இன் இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை ஏறிக்கொண்டிருந்தது ஒரு காரணம். முக்கிய காரணம், அலுவலகங்களுக்கென்று செய்யப்படும் கணினிகளின் விசைகள் ஆழமாக இறங்கி, அழுத்தியதை விரலுக்கு உணர்த்துபவை. வீட்டுப் பாவனைக்கென விற்கப்படும் மெல்லிய கணினிகள் பலவற்றில் பலகையைத் தட்டுவதுபோல இருக்கும். திரை 14 அங்குலம் போதும் என்றேன். பதினைந்தரை அங்குலத்துக்கு மேற்பட்டவற்றில் வலப்புறம் தனி இலக்கப் பலகை வைத்துவிடுகிறார்கள். எழுத்து விசைகள் இடப்புறம் ஒதுங்கிப்போய், எழுதுபவர் திரையின் நடுவே பார்த்தபடி கோணலாக இருக்கவேண்டும். பாவித்த கணினி வாங்குபவர்கள் ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: இன்ரெல் சில்லு என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதை விண்டோஸ் 11 ஏற்காது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏழாம் தலைமுறையை வாங்கினால் வந்த வழியே திரும்பவேண்டியதுதான்.

பெறாமகன் மூலம் ஒரு திங்க்பேட்டை வரவழைத்தேன். பதினாறு கிகாபைட் நினைவகம், 512 கிகாபைட் திண்ம வட்டு, விலை 430 யூரோ. இடது மேல்மாற்று விசை நீளமாக இருக்கிறதா என்பதைத்தான் பெட்டியைப் பிரித்ததும் பார்த்தேன். இருந்தது. பழைய கணினியிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பைப் பிரதிசெய்து நிறுவியதும், இருபது வருடத்துக்கு முந்திய கட்டுரைகள் ஓர் எழுத்தும் சிதையாமல் திறந்தன. தம்மிடம் பழைய பாமினி ஆக்கங்கள் வைத்திருப்போர் அந்த எழுத்துருக் கோப்பையும் கூடவே பல இடங்களில் சேமித்து வையுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் எழுத்து வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் இதில் திருப்தியில்லை. மனைவி முதன்முதலாகக் கணினி தொட்டது பாரிஸில், பிரெஞ்சு மொழி வகுப்பில். அவர் அறிந்த ஒரே பலகை அசெர்ட்டிதான். மாநகரசபைக்குக் கடிதம் ஒன்று எழுத அமர்ந்தவர் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டார். "இது என்னப்பா, ஏ இருக்கிற இடத்திலை கியூ கிடக்குது. நீங்களே வச்சு அடியுங்கோ" என்றார். அவருக்கென்று பிரெஞ்சுப் பலகையைத் தனிப் பயனர் கணக்கில் அமைத்துக் கொடுத்திருக்கிறேன். விசைகளில் ஒட்டும் எழுத்துத் தாள்கள் வாங்கித் தரும்படி கேட்கிறார். ஒட்டினால் எனக்கு இடைஞ்சலில்லை, நான் பார்ப்பதில்லையே.