ரஞ்சன்குடியிலிருந்து விமானத்திற்கு

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரை எட்டுமுன் ரஞ்சன்குடிக் கோட்டை கண்ணில் படும். பதினேழாம் நூற்றாண்டில் கர்நாடக நவாபின் ஜாகீர்தார் ஒருவர் எழுப்பியது. அகழியும் அடுக்கு மதில்களும் உடையது. 1751இல் வாலிகண்டபுரத்துப் போரில் சந்தா சாஹிபும் பிரெஞ்சுக்காரரும் ஓர் அணியாகவும், முஹம்மது அலியும் ஆங்கிலேயரும் மற்றோர் அணியாகவும் மோதியது இப்பகுதியில்தான். இன்று அந்தக் கோட்டையைக் கடந்து போகும் வேன்களில் பல, வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் உம்ராவுக்கும் செல்வோரைத் திருச்சி விமான நிலையத்திற்கு ஏற்றிச் செல்பவை. ஏறத்தாழ 70 கி.மீ. தூரம். பயணி கையில் ஒரு பையை அணைத்துக்கொண்டிருப்பார். அந்தப் பையைப் பற்றியே உங்களிடம் பேச வந்தேன்.

என் முதல் பயணத்தில் அம்மா காய்ச்சித் தந்த மூலிகை எண்ணெய், 200 மி.லி. புட்டியில் பாதிதான் இருந்தது. சோதனைக்காரர் புட்டியின் அளவைப் பார்த்தாரேயன்றி எண்ணெயின் அளவைப் பார்க்கவில்லை. தொட்டிக்குள் விழுந்த ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி 2006 ஆகஸ்டில் லண்டனில் வெளிப்பட்டது; அதன்பின் வந்ததே இக்கட்டுப்பாடு. பெரும்பாலான வெளிநாட்டு விமானங்களில் புட்டி ஒன்று 100 மி.லி.க்கு மேற்படலாகாது, எல்லாம் ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பையில் அடங்க வேண்டும். பற்பசை, தேன், நெய், ஊறுகாய் யாவும் திரவக் கணக்கே. மிஸ்வாக் குச்சிக்கோ எக்கணக்கும் இல்லை! அத்தர் சிறு குப்பியாயின் தாராளமாகப் போகும். கத்தரியும் சவரக் கத்தியும் பெரிய பெட்டியில் செல்லட்டும். பவர் பேங்க் மட்டும் நேர்மாறு: அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

உம்ராவுக்குச் செல்வோர் இன்னொன்றை மறவாதீர். ஜித்தாவில் இறங்குமுன்பே மீகாத் எல்லையை விமானம் கடந்துவிடுகிறது. இஹ்ராம் துணி பெரிய பெட்டிக்குள் போய்விட்டால், வானத்தில் எதை உடுத்துவது? ஆகவே துணியும், மணமற்ற சோப்பும், அன்றாட மாத்திரைகளும், மருத்துவர் சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

அடுத்தது, வளைகுடா செல்வோருக்கான எச்சரிக்கை. நம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அமீரகத்திலும் சவூதியிலும் தடைசெய்யப்பட்ட பொருள். பக்கத்து வீட்டார், "மகனுக்குக் கொடுத்துவிடு, தம்பி" என்று நீட்டும் மசாலாப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். சிறைக்குச் செல்ல நேர்வது உங்களுக்கே, தந்தவருக்கன்று. வலி மாத்திரைகளிலும் சில அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை. மருந்தின் பெயரைச் சொல்லி முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நலம்.

அம்மா இன்றும் எண்ணெய் காய்ச்சுகிறார். பெரிய புட்டியை இரண்டு பாலித்தீன் உறைகளில் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டிப் பெட்டிக்குள் வைக்கிறார். கைப்பைக்கென்று 50 மி.லி. குப்பி ஒன்று தனியே. வேனில் ஏறியதும், "எது எங்கே இருக்கிறது?" என்று மறுபடியும் கேட்பார். நானும் கோட்டை வரும்வரை ஒப்பித்துக்கொண்டே வருவேன்.